நம் ஊரைக் காட்டுவது யார்?

 

பதிவு கொஞ்சம் நீளம். நோட்டன் பிரிட்ஜ், லக்ஷபான, நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து ஆட்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள். ஆனால் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு கிழமையாக நம் ஊர்க் குழுக்களில் ஒரே சண்டை. காசல்ரி நீர்த்தேக்கத்துக்கு மேலே ட்ரோன் விட்டு எடுத்த ஒரு காணொளியை யாரோ பகிர்ந்திருந்தார்கள். மூடுபனி, பச்சை மலை, நீலத் தண்ணீர், பின்னால் ஒரு புல்லாங்குழல். நன்றாகத்தான் இருந்தது. "சொர்க்கம்" என்று நூறு பேர் எழுதினார்கள். அதற்குக் கீழே ஒரு பொடியன், "37ஆவது செக்கன்ல எங்க லயமும் தெரியுது, கூரை பறக்காம இருக்க டயர் வச்சிருக்கோம் பாருங்க" என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான். "ஊர் மானத்தை வாங்காதே", "நாலு வெள்ளைக்காரன் வந்தால் உனக்குத்தான் வேலை கிடைக்கும், அதையும் கெடுக்காதே" என்று பெரியவர்களே அந்தப் பிள்ளையைப் போட்டு வாங்கினார்கள். கடைசியில் அவன் தன் கருத்தை அழித்துவிட்டான்.

அந்தப் பொடியன் சொன்னது சரி. அவனைத் திட்டியவர்கள் தவறு. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணி வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். நம் ஆட்டோக்காரத் தம்பிக்கு ஒரு ஹயர் கிடைக்கட்டும். என் கேள்வி வேறு. வருகிறவருக்கு நம் ஊரைக் காட்டுவது யார்? ஒரு இடத்தால் இலாபம் எடுப்பவரே அந்த இடத்தைச் சுற்றிக் காட்டினால், அந்த இடத்து ஆட்களை அழகாகத் தாண்டிப் போய்விடுவார். இது நம் மலையில் மட்டும் நடப்பதல்ல, உலகம் முழுக்க நடப்பது.

இங்கே என்ன காட்டப்படுகிறது என்று பாருங்கள். வேன் வந்து ஸ்டோர் வாசலில் நிற்கும். கொழுந்து வாட்டுகிற மாடி, அரைக்கிற ரோலர், தூள் பிரிக்கிற சல்லடை எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்தில் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு ஒரு கோப்பை தேநீர், ஒரு துண்டு கேக், வெளியே தூள் விற்கும் கடை. வழியில் எங்காவது மூங்கில் கூடை மாட்டிய பெண்களோடு ஒரு படம். உங்கள் தோட்டத்தில் இன்று மூங்கில் கூடை மாட்டிக் கொழுந்து எடுப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலும் முதுகில் தொங்குவது சாக்கு, இல்லாவிட்டால் வலைப்பை. கூடை படத்துக்கு. அந்தப் படத்தில் தட்டுச் சீலை உண்டு, அட்டைக் கடி இல்லை. சிரிப்பு உண்டு, கிலோ குறைந்தால் அரைப் பேர் போடும் கணக்கப்பிள்ளை இல்லை. துரையின் பழைய பங்களா உண்டு. அதன் சமையலறை ஜன்னலில் இருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் லயம் இல்லை. பங்களாவுக்குக் கட்டிய வருடம் பலகையில் எழுதியிருக்கும். லயத்துக்கு அப்படிப் பலகை வைத்தவர் யார்?

பயணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். நம் பக்கத்து மலையைப் பற்றி எழுதிய பழைய பயணிகளில் ஒருவர் இப்னு பதூதா. 1344இல் வந்தவர். புத்தளம் பக்கத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கோடும் ஆட்களோடும் பாவாத மலைக்குப் போனார். அரச விருந்தாளியாகப் போனவர்தான். முத்தையும் மாணிக்கத்தையும் பற்றி நிறைய எழுதினார். ஆனால் வழியில் மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள் மேல் ஏறும் அட்டையைப் பற்றியும் எழுதினார். அதைக் கழற்ற அங்குள்ள ஆட்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து பிழிந்துவிடுவார்கள் என்பதையும் எழுதி வைத்தார். ஏறக்குறைய எழுநூறு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு மொரோக்கோக்காரருக்கு அட்டை தெரிந்தது. இன்றைக்கு 4கே கமராவுக்குத் தெரியவில்லை.

இனி கொஞ்சம் தூரம் போவோம். ஆபிரிக்காவில் சாம்பியா என்று ஒரு நாடு. அதன் வடக்கே செம்பு வலயம் என்ற பிரதேசம். கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா, லுவான்ஷியா என்று வரிசையாகச் சுரங்க நகரங்கள். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கதையைக் கேட்டால் நம் வீட்டுக் கதை போல இருக்கும்.

அங்கேயும் வெள்ளைக்காரன் வந்து, ஊர் ஊராக ஆள் சேர்த்து, கம்பனி வரிசை வீடுகளில் குடிவைத்தான். நம் தேயிலை லண்டனில் ஏலம் போனது, 1998 வரை. செம்பின் விலை இன்றைக்கும் லண்டன் உலோகச் சந்தையைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. அங்கே 1970இல் அரசு சுரங்கங்களில் 51 வீதப் பங்கை எடுத்தது. இங்கே 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. இங்கே 1992இல் தோட்ட நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். அங்கே 1990களின் கடைசியில் சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள்.

சாம்பியாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணி தெற்கே விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார், யானை பார்ப்பார், திரும்பிவிடுவார். செம்பு வலயத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் வேலையாகப் போகிறவர். சுரங்கத்தின் வாசலோடு திரும்புகிறவருக்கு ஆழமான குழியும் வீடு உயரத்துக்கு லொறியும் தெரியும். முஃபுலிராவில் உருக்காலைக்குப் பக்கத்தில் கன்கோயோ என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. உருக்காலையின் கந்தகப் புகையில் பல வருடங்கள் அங்கே கூரைத் தகடு அரித்தது, முற்றத்தில் செடி கருகியது, பிள்ளைகள் இருமினார்கள். அது தெரிய வேண்டுமென்றால் குடியிருப்புக்குள் நடந்து போய், அங்கே இருக்கிறவரைக் கேட்க வேண்டும்.

சிங்கோலாவில் சுரங்கக் கழிவு தங்கள் ஓடையிலும் வயலிலும் கலந்தது என்று 1,826 கிராமத்து மக்கள் லண்டனிலேயே வழக்குப் போட்டார்கள். எதிராளி வேதாந்தா கம்பனி. "எங்கள் மேல் இங்கே வழக்குப் போட முடியாது" என்று கம்பனி வாதாடியது. முடியும் என்று 2019 ஏப்ரலில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் கம்பனி பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே இணக்கத்துக்கு வந்தது. வேதாந்தா என்ற பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலையின் சொந்தக்காரரும் அவர்கள்தான். 2018 மே 22ஆம் திகதி, போராட்டத்தின் நூறாவது நாள், பொலிஸ் சுட்டு 13 பேர் செத்தார்களே, அதே ஆலை.

2025 பெப்ரவரியில் செம்பு வலயத்தில் இன்னொரு கம்பனியின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன் செத்து மிதந்தது. கிட்வே நகரத்துக்கே குழாய்த் தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தது.

சிலி நாட்டில் சுக்கிகமாட்டா என்ற உலகப் புகழ் பெற்ற செம்புக் குழி இருக்கிறது. நாலு கிலோமீற்றருக்கு மேல் நீளம். அதைப் பார்க்கப் பல ஆண்டுகள் பேருந்து வைத்துச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போனார்கள். பக்கத்தில் இருந்த தொழிலாளர் நகரத்தை மாசும் கழிவுக் கல்லும் நெருக்கியதால், 2007 அளவில் குடும்பங்கள் எல்லாம் கலாமா நகரத்துக்கு மாற்றப்பட்டன. ஒரு காலத்தில் பேர் போன அந்த ஊர் ஆஸ்பத்திரி கழிவுக் கல்லுக்கு அடியில் புதைந்துவிட்டது. ஆட்கள் போன பிறகும் வெறும் ஊர் காட்சிப் பொருளாக நின்றது.

காட்சிப் பொருளான ஊர் நமக்கும் தெரியும். மழை குறைந்த மாதங்களில் மவுசாக்கலைத் தண்ணீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் தூணும் கட்டடச் சுவரும் வெளியே வரும். 1969இல் அணை கட்டியபோது மூழ்கிய நகரம். அதைப் பார்க்க வேன் வேனாக வருகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே நின்று, "இந்தத் தெருவில் யார் கடை வைத்திருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? நம்மிடையே அந்தக் கடைத்தெருவைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு வருகிறவர் அணையைப் பார்ப்பார், லக்ஷபான நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார். இந்த ஆற்றில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பேசிய பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திரவின் பெயரை மின் நிலையத்தில் வாசிப்பார். பாராட்ட வேண்டிய மனிதர்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நான் இரண்டு வரிசை வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். 1948: குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1950: நோட்டன் தண்ணீரில் பழைய லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1964: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்கு. 1965: காசல்ரித் தண்ணீரில் விமலசுரேந்திர மின் நிலையம். ஒரே மலை. கீழே மின் நிலையத்துக்குக் குழாய் பதித்த வருடங்களில், மேலே லயத்தில் யார் போவது யார் இருப்பது என்று பட்டியல் எழுதினார்கள். கொழும்புக்குப் போகும் கம்பி தலைக்கு மேலே போக, எத்தனையோ லயங்களில் பல வருடங்கள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் இந்தப் பதிவை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த மின் நிலையத்தின் மின்னாக்கிக்குள் சுற்றியிருப்பதும் செம்புக் கம்பிதான். அதை வெட்டியவனின் பெயரும் பலகையில் இல்லை. கொழுந்து எடுத்தவளின் பெயரும் தேயிலைப் பெட்டியில் இல்லை.

செம்பு வலயத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் பொறாமையோடு சொல்வேன். சுரங்கங்களை விற்ற காலத்தில், கம்பனி வீடுகளை அவற்றில் குடியிருந்த தொழிலாளர்களுக்கே விற்றார்கள். சுவர்க்கமாகிவிடவில்லை. பலருக்கு வேலை போனது. தண்ணீர்க் கட்டணம் கட்ட வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டார்கள். ஆனால் உறுதி கையில் இருந்தது. "எழும்பிப் போ" என்று சொல்ல முடியாது. இங்கே 1992இல் நிர்வாகம் கைமாறியபோது, லயமும் தேயிலைச் செடியோடு செடியாகக் கைமாறியது. அதற்குப் பிறகு தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன, 7 பேர்ச் காணி வந்தது, இந்திய வீடு வந்தது. கிடைத்தவர்களுக்கு வாழ்த்துகள். இன்னும் லயத்தில் இருப்பவர் எத்தனை குடும்பம் என்று உங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் சுற்றுலாவுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு. காணி உறுதி உள்ளவன் தன் வீட்டில் ஒரு அறையைச் சரிசெய்து பயணிக்கு வாடகைக்கு விடலாம். வங்கியில் கடன் கேட்கலாம். லயத்துக் காம்பராவில் இருப்பவன் ஸ்தோப்பில் ஒரு சுவர் எழுப்பவே தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும். அவனுக்குச் சுற்றுலா என்றால் பங்களாவில் தட்டுக் கழுவும் வேலை, இல்லாவிட்டால் கூடையோடு நின்று சில்லறை வாங்கும் வேலை. "சுற்றுலா வந்தால் நம் பொடியன்களுக்கு வேலை" என்று எழுதியவர்களே, என்ன வேலை என்று சொல்லுங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. தோட்டத்து நாட்சம்பளத்தைக் காட்டிலும் கூடத் தருகிறோம் என்பது பெருமையா? ஒரு இரவுக்குப் பங்களா அறை என்ன விலை போகிறது என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்து, "லயத்தைக் காட்டினால் மானம் போகும்" என்கிறவர்களுக்கு. லயம் யாருடைய மானம்? கட்டியவனின் மானமா, அதில் அடைபட்டு மூன்று தலைமுறை பிள்ளை வளர்த்தவளின் மானமா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பு, படுக்கை, சாமி படம், பிள்ளையின் புத்தகப் பை எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்து, அந்தப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பிய அம்மாமார் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எதற்கு வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் கமராவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அந்தப் பொடியன் கூரை டயரைச் சொன்னது மானத்தை வாங்கவில்லை. அது கணக்குக் கேட்டது.

அதற்காக லயத்தை மிருகக்காட்சிசாலை ஆக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பீலிக்கரையில் குளிக்கிறவளைப் படம் எடுப்பதும், பிள்ளைமடுவத்துக்குள் கமராவை நீட்டி மிட்டாய் கொடுப்பதும் எனக்குச் சகிக்காது. காட்டுவதா வேண்டாமா, எதைக் காட்டுவது, என்ன சொல்லிக் காட்டுவது என்று தீர்மானிக்கிற கை நம்முடையதாக இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு குரல் உள்பெட்டியில் வரும். எப்போதும் வருவதுதான். "சேர், நீங்கள் முஸ்லிம், தோட்டத்து விஷயம் உங்களுக்கு எதற்கு?" சொல்கிறேன். நம் டவுனில் நானாமாரின் கடைக்கு ஆள் வருவது தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகுதான். கடன் கொப்பியில் இருக்கும் பெயர்கள் லயத்துப் பெயர்கள். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் லயத்துப் பிள்ளைகள். பத்தனை கல்வியியற் கல்லூரியில் என்னோடு ஒரே பீங்கானில் சாப்பிட்ட நண்பர்கள் லயத்தில் இருந்து வந்தவர்கள். அதற்கும் மேலே, பூமியில் பயணம் செய்யச் சொல்லும் மார்க்கம் என்னுடையது. வெறுமனே சுற்றச் சொல்லவில்லை, முன்னால் வாழ்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துப் படிப்பினை எடுக்கச் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மலை பார்ப்பது பயணம் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? திட்டிவிட்டுப் போவது சுலபம். என்னிடம் இருக்கும் யோசனைகள் இவை.

ஒன்று. ஆளைப் படம் எடுப்பதென்றால் கேட்டு எடுக்க வேண்டும். பிள்ளைகளை எடுக்கவே கூடாது. இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பாலத்தடியிலும் தோட்டத்துக்குத் திரும்பும் சந்திகளிலும் பலகை வைப்போம். பிரதேச சபையிடம் அனுமதி கேட்போம்.

இரண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கொடுக்கிறது. நம் பொடியன்களும் பொடிச்சிகளும் விண்ணப்பிக்கட்டும். பொலிவியாவில் பொட்டோசி என்ற சுரங்க நகரத்தில் முன்னாள் தொழிலாளிகளே பயணிகளைச் சுரங்கத்துக்குள் கூட்டிப் போகிறார்கள். தாங்கள் வேலை செய்த இடத்தைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள். அதிலும் சண்டை சச்சரவு உண்டு. ஆனால் சொல்கிற வாய் அவர்களுடையது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் பயம் என்றால், சனிக்கிழமை பின்னேரங்களில் நான் சும்மாதான் இருக்கிறேன், வகுப்பு எடுக்கிறேன். காசு வேண்டாம்.

மூன்று. பாடசாலை டூர். வருடா வருடம் வேன் பிடித்து நுவரெலியா கிரகரி வாவிக்குப் போகிறோம், படகு ஓட்டுகிறோம், வருகிறோம். போகட்டும், பிள்ளைகள் சந்தோஷப்படட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள், கால்நடையாக, நம் ஊர் டூர். பாடசாலையில் இருந்து அணை வரை. வழியில் மூன்று இடத்தில் நிற்போம். ஒரு கொழுந்து மடுவம், ஒரு லயம், ஒரு பழைய கடை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியவர் அரை மணி நேரம் கதைப்பார். பிள்ளைகள் எழுதுவார்கள். அந்தக் கொப்பிகள்தான் நாளைக்கு நம் வழிகாட்டிகளின் பாடப்புத்தகம்.

நாலு. நம் தோட்டங்களில் பங்களா எடுத்து ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் மரியாதையாக, எழுத்தில், மூன்று கேள்வி கேட்போம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? அதில் மேற்பார்வைப் பதவியில் எத்தனை பேர்? உங்கள் விருந்தாளிகளுக்குத் தோட்டத்து மக்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? நல்ல பதில் வந்தால் இதே பக்கத்தில் பாராட்டி எழுதுகிறேன். பதில் வராவிட்டால் அதையும் எழுதுகிறேன்.

ஐந்து. காணி உறுதி. மற்ற நாலும் இது இல்லாமல் நொண்டும். தேர்தலுக்குத் தேர்தல் வந்து லயத்தில் தேநீர் குடித்துப் படம் எடுத்துப் போகிறவர்களும் ஒரு வகைச் சுற்றுலாப் பயணிகள்தான். அடுத்த முறை வரும்போது தேநீரோடு இந்தக் கேள்வியையும் கொடுங்கள்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் மூன்றாவது யோசனையை நான் முன்வைக்கிறேன். பெற்றோர் வந்து ஆதரவு தாருங்கள். எதிர்ப்பு என்றாலும் வந்து சொல்லுங்கள்.

கருத்தை அழித்துவிட்டுப் போன அந்தத் தம்பிக்கு: இதை வாசித்தால் திரும்பவும் எழுது. உங்கள் லயம் எந்த வருடம் கட்டியது, முதலில் அந்தக் காம்பராவுக்குக் குடிவந்தவர் யார் என்று உன் அப்பாயியிடம் கேட்டு எழுது. மற்றவர்களும் அவரவர் லயத்துக் கதையைக் கீழே போடுங்கள். பழைய மஸ்கெலியாவில் கடை வைத்திருந்த குடும்பங்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறேன், டூருக்கு வேண்டும்.